சொந்த ஊரில் வெளியூர்க்காரி

"இந்தத் தொப்பியில நான் வெளியூர்க்காரன் மாதிரி இருக்கேனா?"

லூசியன் அடுக்களை வாசலில் நின்று கேட்டபோது ரெஜின் கேரட்டுக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் உப்பிட்ட மீனும் வேகவைத்த காய்கறியும், தொட்டுக்கொள்ளப் பூண்டு அரைத்த ஐயோலியும்தான். ஆர்ல் நகரத்தில் அதைக் கேள்வி கேட்பவர் கிடையாது. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அகலமான ஓலைத் தொப்பி, சுற்றிலும் மஞ்சள் நாடா. கழுத்தில் பழைய கேமரா தொங்கியது.

"வரி கட்டுற சோளக்கொல்லை பொம்மை மாதிரி இருக்கே," என்றாள்.

"அப்போ சரி," என்றான் லூசியன். தொப்பியையும் கேமராவையும் நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு ரொட்டி வாங்கப் போனான்.

ரொட்டிக்கடை அதே தெருவின் கோடியில். ரொட்டியைக் கையில் வாங்கி, மீதிச் சில்லறையைச் சட்டைப்பையில் போடும்போது அவன் சரிந்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது அவர்கள் செய்வதற்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை. சாயங்காலம் ரொட்டிக்கடைக்காரி அந்த ரொட்டியைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ரெஜின் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

அந்தத் தொப்பிக்குக் காரணம் லூசியனின் வாய்.

அவர்கள் இருந்தது ரொக்கெத் பேட்டையில், ரோன் நதிக்கரையை ஒட்டி. அங்கே மரநிழலில் இரும்புக் குண்டு ஆடுகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. சங்கம் என்றால் ஓர் அறை, அதற்கு முன்னால் சரளை போட்ட ஒரு மைதானம், அவ்வளவுதான். சின்ன மரக்குண்டு ஒன்றை முதலில் எறிவார்கள். அதற்குப் பக்கத்தில் யாருடைய இரும்புக் குண்டு போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. முதலில் பதின்மூன்று எடுத்தவர் வென்றவர். ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றவனுக்குத் தண்டனை உண்டு. அறைச் சுவரில் ஒரு சின்னத் திரைச்சீலைக்குப் பின்னால் ஃபன்னி என்கிற பெண்ணின் படம் இருக்கிறது. பாவாடையைத் தூக்கிப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நிற்பாள். தோற்றவன் எல்லார் முன்னாலும் மண்டியிட்டு அங்கே முத்தம் கொடுக்க வேண்டும். அதற்கு 'ஃபன்னி விழுவது' என்று பெயர்.

லூசியனும், கசாப்புக் கடை வைத்திருந்து ஓய்வுபெற்ற ஜில்பேரும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒருவரையொருவர் வம்புக்கிழுத்தே வளர்ந்தவர்கள். அன்றைக்கு ஆட்டத்துக்கு முன்னால் சோம்பு மதுவை உறிஞ்சிக்கொண்டு லூசியன் சொன்னான்:

"முத்தமெல்லாம் உனக்குப் பழகிப்போச்சு ஜில்பேர். உன் மீசை எதுன்னு ஃபன்னிக்கே தெரியும். இன்னைக்கு அது போக இன்னொண்ணும் வைப்போம். ஃபன்னி விழுறவன் ஒரு நாள் முழுக்க நம்ம ஊருலயே சுற்றுலாக்காரனா திரியணும். தொப்பி, கேமரா, கையில விரிச்ச வரைபடம். பெரிய இடம் அஞ்சும் ஒரே நாள்ல. வட்டரங்கத்துக் கோபுரத்துல ஏறணும். ஒவ்வொரு இடத்துலயும் தெரிஞ்ச ஆளாப் பார்த்து அடுத்த இடத்துக்கு வழி கேக்கணும். மத்தியானம் சதுக்கத்துல, வெளியூர்க்காரங்களுக்குப் போடுற சோத்தைத்தான் திங்கணும். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டா பதில் சொல்லக் கூடாது. சொன்னே, முதல்லேர்ந்து ஆரம்பி."

சுற்றியிருந்தவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஆர்ல்காரர்கள் வட்டரங்கத்துக்குப் போவதென்றால் காளை விளையாட்டு பார்க்கப் போவார்கள், அதுவும் அப்பன் உட்கார்ந்த படியிலேயே உட்கார. அந்தப் பழங்காலத்துக் கல்லைப் பார்ப்பதற்கு அங்கே போகிறவன் வெளியூர்க்காரன். வரைபடத்தை விரித்துக்கொண்டு சொந்தத் தெருவில் வழி கேட்பதைவிட ஃபன்னிக்குப் பத்து முத்தம் கொடுக்கலாம்.

லூசியன் அந்த நிபந்தனைகளையெல்லாம் ஜில்பேருக்கென்று ஆசையாகத் தைத்தான். ஜில்பேர் அவனைப் பதின்மூன்றுக்குப் பூஜ்யத்தில் முடித்தான். மரக்குண்டு லூசியனைப் பார்த்தாலே ஒதுங்கிப்போனது என்று இன்றும் சொல்வார்கள். முத்தம் அன்றே கொடுத்தாகிவிட்டது. சுற்றுலா ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வைத்துக்கொண்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வெள்ளிதான் அவன் ரொட்டி வாங்கப் போனது.

அடக்கம் முடிந்து ஐந்து வாரம் ஆனது. ரெஜினுக்குச் சனிக்கிழமைச் சந்தையில் ஆலிவ் கடை இருந்ததால் ஊரில் அவளைத் தெரியாதவர் குறைவு. இந்த ஐந்து வாரத்தில் அவள் பெயரே 'பாவம் ரெஜின்' என்று மாறிவிட்டிருந்தது. தெருவில் இறங்கினால் யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள், தலையைச் சாய்ப்பார்கள், "பாவம் ரெஜின்" என்பார்கள், பிறகு தங்கள் வீட்டுச் சாவைச் சொல்வார்கள். அவள் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அவள் கடையைத் திறக்கவே இல்லை.

லூசியனின் இரும்புக் குண்டுகளை எடுத்துவர ஒரு மாலை சங்கத்துக்குப் போனாள். நாற்காலிகள் பின்னே நகர்ந்தன. அலமாரிப் பக்கம் நடந்தவள் கரும்பலகையின் முன் நின்றுவிட்டாள்.

தீராத பந்தயங்களை எழுதுகிற பலகை அது. 'லூசியன். ஃபன்னி. சுற்றுலா' என்று ஜில்பேரின் கோணல் எழுத்தில் இருந்தது. பந்தயத்தைத் தீர்த்தவன் தன் கையாலேயே தன் பெயரை அழிப்பான். அடுத்தவன் கையால் அழிக்கப்பட்ட பெயர் என்றால், ஆட்டத்தை விட்டு ஓடிப்போனவன் பெயர் என்று அர்த்தம். அந்தப் பேட்டையில் குழந்தைக்குக்கூடத் தெரியும் இது.

ஜில்பேர் அவசரமாக எழுந்து வந்தான். "மறந்துபோச்சு ரெஜின். இதோ." சட்டைக்கையை இழுத்து உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு பலகையைத் துடைக்கப் போனான்.

"கையை எடு."

"விடு ரெஜின். செத்துப்போனவன்கிட்ட எவன் கேக்கப் போறான்?"

"நீ துடைச்சா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா? அவன் ஓடிப்போனானா? தொப்பி வாங்கினான். என் முன்னாடி போட்டுக் காட்டினான்."

ஜில்பேர் கையைக் கீழே போட்டான். "அப்போ என்ன பண்றது? பேரு அப்படியே கிடக்கட்டுமா?"

"ஞாயித்துக்கிழமை நான் போறேன்."

"எங்கே?"

"அஞ்சு இடத்துக்கும்."

மூலையிலிருந்து ஒரு குரல், "ஃபன்னி பாக்கியைப் பொண்டாட்டி தீர்க்கலாம்னு சட்டம் இருக்கா?" என்றது.

"நாப்பது வருஷமா அவன் அழுக்குச் சட்டையை நான்தான் துவைச்சேன்," என்றாள் ரெஜின். "அப்போ யாரும் சட்டம் கேக்கலை."

ஜில்பேர் மட்டும் வாசல் வரை வந்தான். "சாட்சிக்கு நான் வரணும். ஆனா உன் முட்டியை வெச்சுக்கிட்டு அந்தக் கோபுரம்…"

"நீ சாட்சியா வா. வைத்தியனா வராதே."

ஞாயிற்றுக்கிழமை காலை தொப்பி அவள் தலைக்குப் பெரிதாக இருந்தது. உள்ளே செய்தித்தாளை மடித்து வைத்தாள். கேமராவை மாட்டினாள். ரயிலடியில் வெளியூர்க்காரர்களுக்குக் கொடுக்கிற வரைபடத்தை விரித்துப் பிடித்தாள். தன் வாசற்படியிலிருந்தே அப்படித்தான் புறப்பட்டாள். பத்தடி பின்னால் ஜில்பேர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சவ ஊர்வலத்தில் நடப்பவனைப் போல வந்தான்.

வட்டரங்கத்தில் டிக்கெட் கொடுக்கிறவள் சந்தையில் ரெஜினிடம் பச்சை ஆலிவ் வாங்குகிறவள்தான்.

"உள்ளூர்க்காரங்களுக்கு இலவசம் மதாம் ரெஜின். நீங்க போங்க."

ரெஜின் பின்னால் திரும்பி, யாரைக் கூப்பிடுகிறாள் என்பதுபோலப் பார்த்தாள். பிறகு பணத்தை நீட்டினாள். "அஞ்சு இடத்துக்கும் சேர்த்து ஒரு டிக்கெட். நான் வெளியூர்."

டிக்கெட்காரி விழித்தாள். ரெஜினின் முதுகுக்குப் பின்னால் ஜில்பேர் கொடு கொடு என்று சைகை காட்டினான்.

கோபுரப் படிகளை அந்தக் காலத்தில் யாரோ முழங்காலே இல்லாதவர்களுக்காகக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு படியும் அவள் இடுப்பு வரை வருவதுபோல இருந்தது. இடது முட்டி பாதியிலேயே முனகியது. உச்சிக்குப் போனதும் காற்று முகத்தில் அறைந்தது. அவள் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, கேமராவை எந்தப் பக்கமோ திருப்பி அமுக்கிவிட்டு இறங்கினாள். ஒன்றையும் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது எதிர்வீட்டு யோலந்த் மாதா கோயில் பூசை முடிந்து வந்துகொண்டிருந்தாள். ரெஜின் வரைபடத்தை நீட்டினாள்.

"மன்னிக்கணும் மதாம். பழைய நாடக அரங்கத்துக்கு எப்படிப் போகணும்?"

யோலந்த் நின்றாள். "ரெஜின்? என்னடி இது வேஷம்?"

"நான் இந்த ஊருக்குப் புதுசு."

"நான்தான்டி. யோலந்த். உன் எதிர்வீடு."

"உங்க ஊரு ரொம்ப அழகா இருக்கு மதாம்."

யோலந்த் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். நாடக அரங்கத்தின் சுவர் அங்கிருந்தே தெரிந்தது. அதைக் காட்டினாள். "அந்தா… அங்கே. நீ இங்கேயே இரு, நான் இதோ வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு, அந்த வயதில் யாரும் நடக்காத வேகத்தில் நடந்தாள். ஜில்பேர் விளக்குவதற்கு அவள் பின்னால் போனான். அதற்குள் அவள் தெருமுனை திரும்பிவிட்டாள்.

"போச்சு," என்றான் திரும்பி வந்து. "இன்னும் அரை மணியில ஊருக்கே தெரியும், உனக்குப் பைத்தியம்னு."

ரெஜின் காதில் விழாதவள் போல நடந்தாள்.

நாடக அரங்கத்தின் மேடையில் இரண்டு தூண்கள் மட்டும் மிஞ்சி நிற்கின்றன. சுற்றி இருந்ததெல்லாம் விழுந்துபோக, அவை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் ஊரில் அவற்றுக்கு இரண்டு விதவைகள் என்று பேர். ரெஜின் அந்தப் பேரைச் சின்ன வயதிலிருந்து சொல்லிவந்தவள்தான். அவற்றின் அடியில் போய் நின்றது இதுவே முதல் தடவை. தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தாள். நல்ல உயரம். கூனவில்லை, ஒன்றன்மேல் ஒன்று சாயவில்லை.

"என்னைப் படம் எடுங்க முசியே," என்று கேமராவை ஜில்பேரிடம் கொடுத்தாள். "மூணு பேரும் விழற மாதிரி."

ஜில்பேர் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனான். அமுக்குவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான்.

அங்கிருந்து மடத்து முற்றம். மருந்துக்கடைக்காரரிடம் வழி கேட்டாள். அவர் மெதுவாக, காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோலச் சொன்னார். நாலு பக்கமும் தாழ்வாரம், ஒவ்வொரு தூண் தலையிலும் செதுக்கிய முகங்கள், நடுவே வெயில் மட்டும். அவள் ஒரு சுற்று வந்தாள். இன்னொரு சுற்றும் வந்தாள். பிறகு பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு பல்லைக் கடித்தபடி சொன்னாள்:

"நம்ம வீட்டுலேர்ந்து நடந்தா எவ்வளவு தூரம் இது? இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டிருந்தோம்?"

"குண்டு ஆடிட்டிருந்தோம்," என்றான் ஜில்பேர்.

மத்தியானம் சதுக்கத்து மேசையில் மஞ்சள் சோறு வந்தது. உள்ளே கல்லாக உறைந்த இறாலும் இருந்தது. பரிசாரகன் குனிந்து, "பாவம் மதாம் ரெஜின், கேள்விப்பட்டேன்…" என்று தொடங்கினான். அவள் உணவுப் பட்டியலில் விரலை வைத்து, "இதுல காரம் உண்டா?" என்றாள். கொஞ்ச நேரத்தில் சந்தையில் தேன் விற்கிறவள் வந்தாள். தன் புருஷன் போன கதையை வழக்கம்போல முதலிலிருந்து எடுத்தாள். ரெஜின் பொதுவாகப் புன்னகை செய்துவிட்டு வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தாள். தேன்காரி பாதியில் நிறுத்திக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதுதான் ரெஜினுக்கு உறைத்தது. காலையிலிருந்து அவள் ஒருவருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. ஐந்து வாரத்தில் முதல் தடவையாகச் சோறு தொண்டையில் நிற்காமல் இறங்கியது. அந்தச் சோறு மகா மட்டம். தட்டை வழித்துத் தின்றாள்.

அடுத்தது நகரசபைக்குக் கீழே இருக்கிற நிலவறைகள். இருட்டு, ஈரம், வளைவு வளைவாகக் கல். "மூக்கடைப்பு வந்திருக்கும் உனக்கு," என்று இருட்டில் லூசியனிடம் சொன்னாள். "வராம தப்பிச்சே." அவன் பதில் சொல்லவில்லை. அவளுக்கு அது வருத்தமாக இல்லை, அவனும் இன்றைக்கு நிபந்தனைப்படி நடக்கிறான் என்று தோன்றியது.

நாலு இடம் முடிந்தது. கடைசி அலிஸ்காம், ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவில் கற்சவப்பெட்டிகள் வரிசை கட்டி நிற்கிற பழைய இடுகாடு. பெரிய சாலையைக் கடந்தால் நேரே போய்விடலாம். ரெஜின் வரைபடத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கினாள்.

"ரெஜின், சைக்கிள்!"

"எங்கே?" என்று அவள் திரும்பினாள்.

சைக்கிள் அவளை உரசாமல் போயிற்று. இருவரும் நடுச் சாலையில் நின்றார்கள். ஜில்பேரின் முகம் வெளுத்துவிட்டது.

"என் காதுல ஒண்ணும் விழலை," என்றான்.

"நான் பதில் சொன்னேன்."

"நான் உன்னைக் கூப்பிடவே இல்லை. சத்தியமா. சைக்கிள்னுதான் சொன்னேன்."

"பேரைச் சொன்னே. நான் 'எங்கே'ன்னு கேட்டேன். முதல்லேர்ந்து."

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? மணி என்ன தெரியுமா? சாட்சி நான்தானே, நான் சொல்றேன், கணக்குல இல்லை."

ரெஜின் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள். முட்டி வீங்கியிருந்தது. அவளுக்கும் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டினால் போதும் என்றுதான் இருந்தது.

"இதே லூசியன் திரும்பியிருந்தா விட்டிருப்பியா?" என்று கேட்டாள்.

ஜில்பேர் பொய் சொல்ல முயன்றான். முடியவில்லை. "மாட்டேன். தெரு முழுக்கக் கத்திக்கிட்டே கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"அப்போ கத்து."

அந்த நேரம் பார்த்து யோலந்த் வந்து சேர்ந்தாள். அவளோடு மருந்துக்கடைக்காரர், தேன்காரி, பரிசாரகனின் அம்மா, சங்கத்து ஆட்கள் எல்லாரும். எல்லார் முகத்திலும் ஒரே கவலை. யோலந்த் அழுதுகொண்டே, "அவளைப் பிடிங்க, ஆத்துப் பக்கம் போகப்போறா," என்றாள். வேறு வழியில்லாமல் ஜில்பேர் நடுச் சாலையில் நின்று பந்தயத்தையும் பலகையையும் சைக்கிளையும் சொன்னான். ரெஜின் சாலையோரமாக நின்று கற்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

யோலந்த் கண்ணைத் துடைத்தாள். "பைத்தியம் இல்லையா?"

"இல்லை."

"காலையிலேர்ந்து நான் மூணு மெழுகுவத்தி ஏத்திட்டேனே. பாவி." அவள் ரெஜினின் முகத்துக்கு நேரே போய் நின்றாள். "ஏய் ரெஜின். என்னைத் தெரியலையா உனக்கு? போன வருஷம் வாங்கின பாத்திரத்தைத் திருப்பிக் குடுடி."

"உங்க ஊருல எல்லாரும் ரொம்ப அன்பா பேசறாங்க மதாம்," என்றாள் ரெஜின். "அலிஸ்காமுக்கு எந்தப் பக்கம்?"

கூட்டம் சிரித்துவிட்டது. ஐந்து வாரத்தில் அவள் எதிரில் யாரும் சிரித்திருக்கவில்லை.

எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று லூசியன் சொல்லவே இல்லை. ஆகவே அவள் கடைசி இடத்தை முதலாக்கினாள். இரண்டாவது டிக்கெட்டை ஜில்பேர் வாங்கினான், கூப்பிட்ட குற்றத்துக்கு. அலிஸ்காமில் கூட்டம் வாசலிலேயே நின்றுகொண்டது. அவள் மட்டும் மரநிழலில் கற்பெட்டிகளுக்கு நடுவே நடந்தாள். மூடி உடைந்தவை, மூடியே இல்லாதவை. எல்லாம் காலி. ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். லூசியன் இங்கே இல்லை, ஊருக்கு அந்தப் பக்கம் புது இடுகாட்டில் இருக்கிறான். இங்கே யாருமே இல்லை. அத்தனை பேரும் எழுந்து எங்கோ வேலையாகப் போய்விட்டதுபோல இருந்தது. படம் எடுத்துக்கொண்டு அவளும் எழுந்தாள்.

நிலவறை, மடம், நாடக அரங்கம். ஒவ்வொரு இடத்திலும் கூட்டம் கூடிக்கொண்டே வந்தது. முன்னால் போகிறவர்களே திரும்பி நின்று அவள் வழி கேட்பதற்காகக் காத்திருந்தார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் வரைபடத்தை நீட்டி மரியாதையாகக் கேட்டாள். இடையில் சங்கத்து ஆட்கள் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச்சில் பிடிக்கப் பார்த்தார்கள்.

"ரெஜின், உன் வீட்டுல தண்ணிக் குழாய் வெடிச்சிடுச்சு."

"ரெஜின், உன் ஆலிவ்ல புழுன்னு மார்த்தா சொல்றா."

அதற்கு மட்டும் அவள் தோள் துடித்தது. ஜில்பேர் மூச்சைப் பிடித்தான். அவள் பாதையோரத் தூணைப் படம் எடுத்துவிட்டு நடந்தாள். பின்னால் கைதட்டினார்கள்.

வட்டரங்கத்துக்கு வந்தபோது டிக்கெட்காரி பலகைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், ரெஜினின் வீங்கிய முட்டியைப் பார்த்தாள்.

"மூடற நேரம் மதாம்."

"மேலே போயிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"மத்தவங்களுக்குக் கொஞ்ச நேரம்தான்."

"எனக்கு?"

டிக்கெட்காரி இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். "சாவியை எங்கே வெச்சேன்னு தெரியலை. தேடணும். தேடினா நேரமாகும்."

இந்தத் தடவை ரெஜின் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி ஏறினாள். நடுவில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியாது என்று ஒரு முறை நினைத்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்துத் தள்ளி எழுந்தாள். கோபுர உச்சிக்கு வந்ததும் கண்ணை மூடவில்லை.

ஊர் மொத்தமும் ஓடு போட்ட கூரைகளாக அவள் காலடியில் கிடந்தது. அதைத் தாண்டி ரோன், வளைந்து, அவள் நினைத்ததைவிட எவ்வளவோ பெரிதாக. 'என் வீட்டுக் கூரையை நானே பார்க்கறதுக்குக் கோபுரம் ஏறணுமா?' என்பான் லூசியன். அவள் தேடிப்பார்த்தாள். ரொக்கெத் பேட்டையின் கூரைகள் எல்லாம் ஒன்று போலவே இருந்தன. எது தன்னுடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"தெரியலைடா," என்றாள் காற்றில். "வந்து பார்த்திருக்கணும் நீ."

கீழே வாசல் முன் கூட்டம் அண்ணாந்து நின்றது. யோலந்த்தான் தொடங்கினாள். "ரெஜின்!" என்று கத்தினாள். தேன்காரி சேர்ந்தாள், மருந்துக்கடைக்காரர் சேர்ந்தார், கடைசியில் எல்லாரும் சேர்ந்தார்கள். காளை விளையாட்டில் வென்றவன் பெயரைக் கூப்பிடுவதுபோல, "ரெஜின், ரெஜின்," என்று அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டார்கள். பாவம் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

அவளுக்குக் கண் நிறைந்தது. கையை உயர்த்திவிடலாம் போலிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கேமராவை எடுத்தாள். யாரோ தெரியாத ஊரின் தெரியாத ஜனங்களைப் படம் எடுப்பதுபோல, நிதானமாக, ஓரமாக நின்றவர்களையும் உள்ளே வரச்சொல்லிக் கையைக் காட்டி, அமுக்கினாள்.

கீழே ஜில்பேர் தன் தொப்பியை எடுத்து ஆகாயத்தில் எறிந்தான். அது வட்டரங்கத்துச் சுவரின் ஒரு வளைவில் போய் மாட்டிக்கொண்டது.

சங்கத்துக்கு அவளை நடக்க விடவில்லை. மருந்துக்கடைக்காரரின் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஃபன்னி படத்துக்கு அருகில் தொங்கும் மணியை யாரோ அடித்துக்கொண்டே இருந்தார்கள். ரெஜின் கரும்பலகையின் முன் நின்றாள். ஜில்பேர் ஈரத்துணி கொண்டுவந்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. உள்ளங்கையாலேயே துடைத்தாள். லூசியன் என்ற எழுத்துகள் முதலில் மங்கி, பிறகு வெள்ளைப் புகையாகி, பிறகு பலகையின் கறுப்பாயின.

"தீர்ந்தது," என்றான் ஜில்பேர். "சுத்தமா தீர்ந்தது. ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா."

"இப்போ பேர் சொல்லிக் கூப்பிடு," என்றாள் அவள்.

"ரெஜின்."

"என்ன?"

"சோம்பு மது ஒண்ணு ஊத்தட்டுமா?"

"தண்ணி கம்மியா ஊத்து."

எல்லாரும் குடித்தார்கள். யோலந்த் அந்தப் பாத்திரத்தைப் பற்றி மறுபடி கேட்டாள். அது தன்னுடைய பாத்திரமே என்று ரெஜின் சாதித்தாள். அடுத்த சனிக்கிழமை கடை திறப்பாளா என்று தேன்காரி கேட்டதற்கு, புழு என்று சொன்ன மார்த்தாவை முதலில் வரச்சொல் என்றாள். முட்டிக்கு ஐஸ் கட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு விளக்கை அணைத்தாள்.

படுக்கையில் லூசியனின் பக்கத்தைக் காலியாக விட்டு, அவள் படுத்தது எப்போதும் போலச் சுவர்ப் பக்கம்தான்.